ஊசி போடும் கைகளுக்கு: வேலூர் வட்டாரச் செவிலியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலூர்ப் பக்கத்து மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தேன். கடைசிப் பத்து ஆண்டுகள் நோய்த்தொற்றுத் தடுப்புப் பொறுப்பு. வார்டு வார்டாகச் சுற்றுவதே வேலை. இப்போதும் ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போய் ஊசி பற்றி வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் தலையைக் குனிந்து நோட்டைப் பார்ப்பார்கள். முடிந்து டீ குடிக்கும்போதுதான் ஒருத்தி பக்கத்தில் வந்து, "அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்பாள். அப்படி வந்த கேள்விகள் இவை.

பாதுகாப்பான ஊசி என்று எதைச் சொல்கிறோம்?

உலக சுகாதார நிறுவனம் இதை மூன்று பேரை வைத்துச் சொல்கிறது. போட்டுக்கொள்பவருக்குத் தீங்கு வரக்கூடாது. போடுபவருக்குத் தவிர்க்கக்கூடிய ஆபத்து எதுவும் வரக்கூடாது. போட்ட பிறகு மிஞ்சுகிற கழிவால் ஊராருக்கு ஆபத்து வரக்கூடாது. நாம் படித்த படிப்பு பெரும்பாலும் முதல் ஆளைப் பற்றியது. சரியான மருந்து, சரியான அளவு, சரியான நோயாளி என்று மனப்பாடம் செய்திருப்போம். இரண்டாவது ஆள் நீங்கள். மூன்றாவது ஆள், காலையில் வந்து குப்பைப் பையைக் கட்டித் தூக்கிப்போகும் தூய்மைப் பணியாளர் அம்மா. இந்த இரண்டு பேரையும் நாமே மறந்துவிடுகிறோம்.

இப்போது எல்லாமே டிஸ்போசபிள்தானே அக்கா, இன்னும் பேச என்ன இருக்கிறது?

1980-களின் கடைசியில் நான் பயிற்சிக்குச் சேர்ந்தபோது கண்ணாடி சிரிஞ்சு. ஸ்டெரிலைசரில் தண்ணீர் கொதிக்கும். ஊசி மழுங்கினால் கல்லில் தேய்த்துக் கூராக்குவோம். அதோடு பார்த்தால் இன்றைய நிலை எவ்வளவோ மேல். ஆனால் பிளாஸ்டிக் வந்ததும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 2000-களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வில், போடப்பட்ட ஊசிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஏதோ ஒரு வகையில் பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது. 2009-ல் குஜராத்தின் மொடாசா பகுதியில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி பரவி எண்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே மறுபடி மறுபடி பயன்படுத்தியது பிளாஸ்டிக் சிரிஞ்சைத்தான். ஒருமுறைக்கென்று செய்த பொருளை இரண்டாம் முறை எடுப்பதும் கைதான்.

வேலூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் இன்னொரு நினைவும் உண்டு. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா சென்னையில் திரட்டிய ரத்த மாதிரிகள் சோதனைக்கு வந்தது நம் ஊர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆய்வகத்துக்குத்தான். இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்று முதன்முதலாகத் தெரிந்தது அந்தச் சோதனையில். அதன் பிறகுதான் எங்கள் வார்டுகளில் ஊசியைக் கையாளும் பேச்சே மாறியது. அதற்கு முன் ரத்தம் பட்டால் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம்.

ஊசியை மட்டும் மாற்றிவிட்டு அதே சிரிஞ்சை அடுத்தவருக்குப் பயன்படுத்தலாமா? டிரிப்ஸ் லைனில் போடும்போது ரத்தமே படுவதில்லையே?

கூடாது. எந்த நிலையிலும் கூடாது. போட்ட ஊசியைச் சிரிஞ்சிலிருந்து கழற்றும்போதே அதிலுள்ள துளி உள்ளே இழுபடும். டிரிப்ஸ் லைனிலும் ரத்தம் பின்னோக்கி ஏறும். நம் கண்ணுக்குத் தெரியாத அளவே போதும். ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். ஒருவருக்கு ஒரு சிரிஞ்சு, ஒரு ஊசி. அந்த ஒருமுறையோடு சரி.

ஒரு சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு, அதிலிருந்தே எல்லாருக்கும் ஃப்ளஷ் (லைன் அடைக்காமல் இருக்கச் செலுத்தும் சலைன்) எடுக்கிறோம். அதில் என்ன தவறு?

நான் போகிற பத்து இடங்களில் பாதிக்கு மேல் இதைப் பார்க்கிறேன். 100 மில்லி பாட்டிலின் ரப்பரில் ஒரு ஊசியைக் குத்தியே வைத்திருப்பார்கள். வருகிறவர், போகிறவர் எல்லாரும் அதில் சிரிஞ்சை மாட்டி உறிஞ்சுவார்கள். செய்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஸ்டோரில் ஒருமுறைக்கான சின்ன ஆம்பூல் குப்பி வராது, வார்டில் கேனுலா (நரம்பில் ஏற்றிவைக்கும் சிறு குழாய்) போட்டவர்கள் இருபது பேர் இருப்பார்கள். வேறு வழி தெரியாமல் பிறந்த பழக்கம் இது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் 2000, 2001 ஆண்டுகளில் நடந்ததை வகுப்பில் எப்போதும் சொல்வேன். ஒரு புற்றுநோய் கிளினிக்கில் நோயாளியின் லைனில் பயன்படுத்திய சிரிஞ்சையே பொதுவான சலைன் பையில் விட்டு எடுத்தார்கள். அந்தப் பையிலிருந்தே மற்றவர்களுக்கும் ஃப்ளஷ். ஒரு நோயாளியிடம் இருந்த ஹெபடைடிஸ் சி 99 பேருக்குத் தொற்றியது. அவ்வளவு வசதியுள்ள நாட்டில், புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த 99 பேர்.

உங்கள் வார்டில் அந்தப் பாட்டில் தொங்கினால் இன்றே இறக்கிவிடுங்கள். ஒருவருக்கு ஒரு ஆம்பூல் சலைன். மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஸ்டோரில் இல்லையென்றால், பொருள் கேட்டு எழுதும் இண்டென்ட் புத்தகத்தில் எழுதுங்கள்; வரவில்லையென்றால் மறுநாளும் எழுதுங்கள். வாயால் கேட்டது மறந்துபோகும். எழுத்தில் பத்து நாள் வரிசையாக இருந்தால் மேட்ரனும் அதைக் கடந்து போக முடியாது.

போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டினால் விரலில் குத்தும், மாட்டக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மாட்டுகிறோமே, ஏன்?

நான் அதிகம் யோசித்த கேள்வி இதுதான்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். என் தலைமுறைக்கு மூடியைத் திரும்ப மாட்டத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். "திறந்த ஊசியை ட்ரேயில் வைக்காதே" என்று சிஸ்டர் டியூட்டர் கையில் தட்டியிருக்கிறார். கை கற்றதை மறப்பது கடினம். உங்களில் பலருக்கு இன்னும் சீனியர்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய காரணம் தூரம். ஒருமுறை ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையில், "எங்க பிள்ளைங்களுக்கு எத்தனை தடவ சொன்னாலும் மூடி மாட்டுறாங்க, நீங்க வந்து நல்லா திட்டுங்க" என்று கூப்பிட்டார்கள். போய் ஆண்கள் வார்டில் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். போட்ட ஊசியை எறியும் டப்பா எங்கே என்று பார்த்தால், வார்டின் கடைசியில், பாத்திரம் கழுவும் அறைக்குள். முதல் கட்டிலில் ஊசி போட்ட பெண், திறந்த ஊசியோடு வார்டு முழுவதும் நடக்க வேண்டும். நடுவில் கூட வந்தவர்கள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு குழந்தை ஓடுகிறது, "சிஸ்டர், டிரிப்ஸ் நின்னுடுச்சு" என்று ஒருவர் கையைப் பிடிக்கிறார். அந்தப் பெண் மூடியை மாட்டினாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் மாட்டியிருப்பேன். குழந்தையின் மேல் பட்டுவிடக்கூடாது என்ற அக்கறையில்தான் அவள் தன் விரலைப் பணயம் வைத்தாள்.

யாரையும் திட்டவில்லை. ஊசி ட்ராலியின் பக்கவாட்டில் ஒரு கம்பி வளையம் வைக்கச் சொல்லி, டப்பாவை அதில் உட்கார வைத்தோம். ட்ராலி எங்கே போகிறதோ டப்பாவும் அங்கே போகும். போட்ட கை அப்படியே திரும்பிப் போட்டுவிடலாம். சில வாரம் கழித்துப் போனபோது அதே பெண்ணிடம், "இப்ப மூடி மாட்டறியாம்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த மூடி எங்க போச்சுன்னே தெரியலக்கா" என்றாள். போடும் முன் கழற்றியதும் மூடியைக் குப்பையில் எறியும் பழக்கம் தானாக வந்திருந்தது.

இதிலிருந்து எனக்குப் பட்டது இது: வார்டில் நடக்கும் ஊசித் தவறுகளில் பெரும்பாலானவை நர்ஸுக்குத் தெரியாததால் நடப்பவை அல்ல; வேண்டிய பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாததால் நடப்பவை.

மூடியை மாட்டியே ஆக வேண்டிய நேரம் வந்தால்?

வரும். அரிதாக, ரத்த வாயு சோதனைக்கு எடுக்கும்போது சில வகைச் சிரிஞ்சில் வரும். அப்போது ஒரே கையால் செய்யுங்கள். மூடியைச் சமமான இடத்தில் படுக்கவைத்து, இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஊசி நுனியால் மூடியை அள்ளி, சிரிஞ்சை நிமிர்த்தி, சுவரிலோ ட்ரேயிலோ அழுத்தி இறுக்க வேண்டும். இரண்டாவது கை மூடிக்குப் பக்கத்தில் வராமல் இருப்பதுதான் இதில் முக்கியம். வளைந்த ஊசியைக் கையால் நிமிர்த்துவது, உடைப்பது, கையால் கழற்றுவது, எதுவும் வேண்டாம்.

ஊசி போட கிளவுஸ் கட்டாயமா?

தசையிலோ தோலுக்கடியிலோ போடும் சாதாரண ஊசிக்கு, உங்கள் கையில் வெட்டுக்காயம் இல்லாமல், நோயாளியின் தோலும் புண்ணில்லாமல் இருந்தால், கிளவுஸ் தேவையில்லை என்றே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி சொல்கிறது. ரத்தம் எடுக்கும்போதும், கேனுலா போடும்போதும் கட்டாயம். ஒரே கிளவுஸைப் போட்டுக்கொண்டு பத்துக் கட்டில் சுற்றுவது கிளவுஸ் போடாததைவிட மோசம். கையை இருபது முப்பது விநாடி ஹேண்ட் ரப் என்ற ஆல்கஹால் திரவம் போட்டுத் தேய்ப்பதுதான் ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் வேண்டியது.

ஸ்பிரிட் பஞ்சு டப்பாவைப் பற்றி ஏன் குறை சொல்கிறீர்கள்?

காலையில் ஒரு டப்பா நிறையப் பஞ்சை உருட்டிப்போட்டு, மேலே ஸ்பிரிட்டை ஊற்றி மூடிவைப்பது நம் வார்டுகளின் பழைய வழக்கம். ஒவ்வொரு கை உள்ளே போகும்போதும் கிருமியும் உள்ளே போகிறது. திறந்து திறந்து மூடுவதில் ஸ்பிரிட் ஆவியாகி வலு குறைகிறது. மதியத்துக்குள் அது வெறும் ஈரப்பஞ்சு. காய்ந்த பஞ்சை எடுத்து அந்த நேரத்தில் நனைத்துக்கொள்ளுங்கள், அல்லது தனித்தனி உறையில் வரும் ஸ்வாப் கேளுங்கள். துடைத்ததும் தோல் காயட்டும். வாயால் ஊதிக் காயவைக்க வேண்டாம். இதை இன்னும் பார்க்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

வயல் என்கிற மருந்துக் குப்பியில் ஊசியைக் குத்தியே வைப்பது, இன்சுலின் பென்னை இரண்டு பேருக்குப் பயன்படுத்துவது?

இரண்டும் தவறு. குத்தி வைத்த ஊசி, கிருமிக்குத் திறந்துவைத்த கதவு. பல டோஸ் வயல் என்றால் திறந்த தேதியை லேபிளில் எழுதுங்கள். தயாரித்தவர் வேறு சொல்லாதவரை 28 நாளுக்கு மேல் வைக்கக்கூடாது. ஒவ்வொரு முறையும் ரப்பரைத் துடைத்து, புது ஊசி, புது சிரிஞ்சு. இன்சுலின் பென்னில் ஊசி மாற்றினாலும் போதாது. போடும்போது தோலின் செல்களும் ரத்தமும் உள்ளே இருக்கும் குப்பிக்குள் ஏறிவிடும். ஒரு பென், ஒரு ஆள், மேலே அவர் பெயர். சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் லான்செட்டுக்கும் இதே விதிதான்.

ஆறு பேருக்கும் மருந்தை ஏற்றி, ட்ரேயில் அடுக்கிக்கொண்டு ஒரே சுற்றாகப் போட்டுவிடலாமா?

நேரம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் ஏற்றிய பிறகு எல்லாச் சிரிஞ்சிலும் இருப்பது நிறமில்லாத தண்ணீர் போலத்தான் தெரியும். லேபிள் ஒட்டாத சிரிஞ்சைக் கையில் எடுக்கவே கூடாது. இன்னொன்று, வேலூரில் ஆள் அடையாளம் மற்ற ஊர்களைவிடச் சிக்கலானது. சித்தூரிலிருந்து தெலுங்கு பேசி வருகிறார்கள், வங்காளத்திலிருந்து வந்து தோட்டப்பாளையம் லாட்ஜில் தங்கிப் பார்க்கிறார்கள், ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து உருது பேசி வருகிறார்கள். "நீங்க செல்விதானே?" என்று கேட்டால் காது கேட்காத பாட்டியும், மொழி புரியாத அம்மாவும் தலையாட்டிவிடுவார்கள். "உங்க பேரு சொல்லுங்க" என்று கேளுங்கள், கைப்பட்டையைப் பாருங்கள், பிறகு போடுங்கள்.

பெரியவர்களுக்குப் பிட்டத்தில் போடுவதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பிட்டத்தின் நடுவில் போனால் காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பில் படும், கால் இழுத்துவிடும். இடுப்பெலும்பின் பக்கவாட்டுத் தசையில் போடுவது அதைவிடப் பாதுகாப்பு. கைக்குழந்தைக்குத் தொடையின் முன்பக்க வெளிப்புறம்தான்.

கையில் குத்திவிட்டது. அடுத்த நிமிடம் என்ன செய்ய வேண்டும்?

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள். வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். ஸ்பிரிட், டெட்டால், பிளீச்சிங் எதுவும் ஊற்ற வேண்டாம். தோல் வெந்து, உள்ளே போவது இன்னும் எளிதாகும். கண்ணில் தெறித்திருந்தால் தண்ணீராலோ சலைனாலோ நன்றாகக் கழுவுங்கள்.

பிறகு உடனே டூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். "டூட்டி முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்" என்று தள்ளாதீர்கள். எச்ஐவி தடுப்பு மருந்தின் முதல் மாத்திரையை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த மருந்து, 28 நாள். நோயாளிக்கு எச்ஐவி இல்லை என்று உறுதியானால் நிறுத்திக்கொள்ளலாம். அவர் ரத்தத்தைச் சோதிக்க அவர் சம்மதம் வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பொறுமையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். உங்கள் ரத்தத்தையும் அன்றே எடுத்துவைக்க வேண்டும். பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதம்.

பயத்தை அளவோடு வைத்துக்கொள்ள ஒரு கணக்கு. எச்ஐவி உள்ளவரிடம் பயன்படுத்திய ஊசி குத்தினால் தொற்றுவது ஏறக்குறைய 300 முறைக்கு ஒருமுறை. ஹெபடைடிஸ் சி 100-க்கு அதிகம் போனால் இரண்டு, மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி 100-க்கு 30 வரை. எல்லாரும் எச்ஐவிக்குப் பயப்படுகிறார்கள். நியாயமாகப் பயப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பிக்கு, அதற்குத்தான் தடுப்பூசி கையில் இருக்கிறது. ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் வந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரையில் குணமாகிவிடுகிறது. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அந்த மருந்து இலவசம்.

ஒரு வேண்டுகோள். குத்திய பிறகு எங்கே போவது என்று தேடாதீர்கள். வேலூரில் இருப்பவருக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ வேறொரு பெரிய மருத்துவமனையோ பக்கம். பேரணாம்பட்டிலோ ஜவ்வாது மலை அடிவாரத்திலோ நைட் டூட்டியில் குத்தினால், விடிகாலை பஸ் வரும் வரை இரண்டு மணி நேரம் எப்போதோ ஓடிப்போயிருக்கும். அதனால் சின்ன மருத்துவமனைகள் முதல் சில நாளுக்கான மாத்திரையை அலமாரியில் வைத்திருக்க வேண்டும். எங்கே இருக்கிறது, சாவி யாரிடம், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை டூட்டி ரூம் சுவரில் ஒட்டுங்கள். 2017-ன் எச்ஐவி சட்டப்படி, தொற்றுக்கு ஆளாகக்கூடிய ஊழியருக்குப் பாதுகாப்புப் பொருள்களும், பயிற்சியும், இந்தத் தடுப்பு மருந்தும் தருவது நிறுவனத்தின் கடமை. நீங்கள் சலுகை கேட்கவில்லை.

சொன்னால் "கவனமா இருக்கத் தெரியாதா" என்று திட்டுவார்கள். மறைத்துவிட்டால் என்ன?

நான் மறைத்தவள்.

1990-களில் ஒரு நைட் டூட்டி. ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். விடியற்காலை நான்கு மணிக்கு ட்ரேயை ஒழுங்குபடுத்தும்போது பஞ்சுக்கு அடியில் யாரோ விட்டுப்போன ஊசி கட்டைவிரலில் ஏறியது. யாருக்குப் போட்டதென்று தெரியாது. அதற்கு முந்தின மாதம்தான், குத்திக்கொண்டதைச் சொன்ன ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டியிருந்தார்கள். நான் கழுவிவிட்டுப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டேன். அப்போது என் இளைய மகளுக்கு ஏழு மாதம், பால் குடித்துக்கொண்டிருந்தாள். மறுநாளே நிறுத்திவிட்டேன். மாமியார் ஏன் என்று கேட்டார், பால் வற்றிவிட்டது என்று பொய் சொன்னேன். இரவெல்லாம் அவள் அழுவாள், நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன். சில மாதம் கழித்து, தெரியாத ஊரில் வேறு பெயர் கொடுத்து ரத்தம் சோதித்தேன். ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மாதங்களை மகளிடமிருந்து எடுத்துக்கொண்டது ஊசி அல்ல, அந்தத் திட்டு.

அதனால் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர்களுக்குச் சொல்கிறேன். குத்திக்கொண்டு வருகிற பெண்ணிடம் முதல் கேள்வியாக "எப்படிக் குத்துச்சு?" என்று கேட்காதீர்கள். "கழுவிட்டியாம்மா? வா, டாக்டரைப் பாக்கலாம்" என்று சொல்லுங்கள். எப்படி நடந்தது என்பதை மறுநாள், அவள் தூங்கி எழுந்த பிறகு, எங்கே டப்பா இருந்தது, யார் ட்ரே வைத்தார்கள் என்று சேர்ந்து பாருங்கள். ஒரு வார்டில் குத்துச் சம்பவமே பதிவாகவில்லை என்றால் நான் சந்தோஷப்பட மாட்டேன். யாரும் சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி படிக்கும்போதே போட்டாச்சு. போதும்தானே?

மூன்று டோஸும் முடித்தீர்களா? 0, 1, 6 மாதம். ஆறாவது மாதம் வரும்போது படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போனவர்கள் நிறையப் பேர். மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தியை ஒருமுறை அளந்து பாருங்கள். 10-க்கு மேல் இருந்தால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். நாளை குத்தினால் முதலில் கேட்பது அதைத்தான். குறைவாக இருந்தால் இன்னொரு சுற்று போட வேண்டும்.

போட்ட ஊசி எந்த டப்பாவில், சிரிஞ்சு எந்தப் பையில்?

2016 உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசி, பிளேடு, ஊசியோடு ஒட்டியே வரும் இன்சுலின் சிரிஞ்சு எல்லாம் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். ஊசியை வெட்டி நீக்கிய பிளாஸ்டிக் சிரிஞ்சும் டிரிப்ஸ் குழாயும் சிவப்பில். ஆம்பூல், கண்ணாடி வயல் நீலத்தில். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில். வெள்ளை டப்பா முக்கால் நிறைந்ததும் மூடிவிட வேண்டும். "இன்னும் நாலு போடலாம்" என்று அழுத்துகிற விரல்தான் குத்து வாங்கும்.

ஊசியை எரிக்கும் மெஷின் நர்ஸ் ஸ்டேஷனில் மட்டும் இருந்தால் மறுபடி அதே நடைப் பிரச்சினை. ட்ராலியில் வைக்கக்கூடிய, கையால் இயக்கும் ஊசி வெட்டி மேல்.

சிவப்புப் பையில் ஒரு ஊசி தவறி விழுந்தால் அது குத்துவது உங்களை அல்ல. பையைத் தொடையில் சாய்த்துத் தூக்கும் தூய்மைப் பணியாளரை. அவருக்குப் பெரும்பாலும் தடுப்பூசியும் போட்டிருக்காது, குத்தினால் சொல்லவும் பயம், ஒப்பந்த வேலை போய்விடும் என்று. அவரையும் வகுப்பில் உட்காரவையுங்கள். ஆஸ்பத்திரிக் குப்பையை ஊர்க்குப்பையோடு கொட்டினால் பாலாற்றங்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கும் பிள்ளைகள் கைக்குத்தான் அது போகும்.

நான் ஒரு சின்ன மருத்துவமனையில் இன்சார்ஜ். எங்கிருந்து தொடங்குவது?

வகுப்பிலிருந்து தொடங்காதீர்கள். வகுப்பு முடிந்த வாரம் எல்லாம் நன்றாக இருக்கும். இரண்டு மாதத்தில் பழையபடி ஆகும். முதலில் ஒரு வாரம் பாருங்கள். காலை, மாலை, முக்கியமாக இரவு. ஒவ்வொரு ஊசியிலும் ஐந்தே விஷயம்: கை சுத்தம் செய்தாரா, புது சிரிஞ்சு உறையிலிருந்து எடுத்தாரா, மருந்து எதிலிருந்து எடுத்தார், மூடி மாட்டினாரா, டப்பா எங்கே இருந்தது. பெயர் எழுதாதீர்கள். வெறும் எண்ணிக்கை.

பிறகு அதை டூட்டி ரூமில் ஒட்டிவைத்து, "இதில் எதை நாம் முதலில் மாற்றலாம்?" என்று பெண்களிடமே கேளுங்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் பொருளாகத்தான் இருக்கும்: ட்ராலியில் ஹேண்ட் ரப் இல்லை, ராத்திரி ஸ்டோர் பூட்டியிருக்கிறது, ஆம்பூல் உடைக்கும்போது கை கிழிகிறது. ஒரு மாதத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மறுபடி எண்ணிப் பாருங்கள். பயிற்சி மாணவிகளையும், ரத்தம் எடுக்கும் லேப் தம்பிகளையும், இன்டர்ன் டாக்டர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் கட்டிலில் விட்டுப்போகும் ஊசிதான் அதிகம்.

நாற்பது பேருக்கு நான் ஒருத்தி. இதெல்லாம் நடக்குமா அக்கா?

முழுதாக நடக்காது. அதை மறைக்க மாட்டேன். ஆள் போதாத இடத்தில் நர்ஸை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். ஆனால் புது சிரிஞ்சு, பொதுப் பாட்டில் இல்லாமை, ட்ராலியில் டப்பா ஆகிய மூன்றும் நேரத்தைத் தின்பவை அல்ல. அவற்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றதை நிர்வாகத்திடம் சேர்ந்து கேளுங்கள்.

தேவையே இல்லாமல் ஊசி கேட்கும் நோயாளியை என்ன செய்வது?

"ஊசி போட்டாதாம்மா ஜொரம் உடும்" என்று அணைக்கட்டிலிருந்து வரும் பெரியவர் சொல்வார். பஸ் செலவு செய்து வந்தவருக்கு மாத்திரை மட்டும் கொடுத்தால் ஏமாந்த மாதிரி. உலகில் போடப்படும் ஊசிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சிகிச்சைக்கானவை. அதில் பல, மாத்திரையே போதும் என்ற இடத்தில் போடப்படுபவை. மருந்தை முடிவு செய்வது டாக்டர். ஆனால் அவர் மாத்திரை எழுதிய பிறகு வெளியே நின்று பேசுவது நாம்தான். "தாத்தா, இந்த மாத்திரையும் வயித்துல போயி ரத்தத்துலதான் சேரும். ஊசின்னா வலிதான் மிச்சம். ராத்திரி ஜொரம் உடலன்னா காலைல வாங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள். கேட்கிறார்கள். போடாத ஊசியில் யாருக்கும் ஆபத்தில்லை.

நான் நர்ஸ் இல்லை, நோயாளியோடு இருப்பவள். புது ஊசியா என்று கேட்டால் சிஸ்டர் கோபப்படுவார்களா?

கேளுங்கள். "சிஸ்டர், புது சிரிஞ்சுதானே?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். சிலருக்கு முகம் மாறும். வேலை அழுத்தம் அப்படி. ஆனாலும் கேளுங்கள். தங்கைகளுக்கும் சொல்லியிருக்கிறேன்: கேட்கும் வரை காத்திருக்காதீர்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, அவர்கள் கண் முன்னாலேயே உறையைக் கிழியுங்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கூட இருக்கும் அம்மாவின் தோள் கொஞ்சம் தளர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.